ஸ்லோ குக்கர் ரிவ்யூ: குளிருக்கு எதுல கலக்குது, எதுல சொதப்புது

குளிர் ஆரம்பிச்சிட்டா எனக்கு சாப்பாட்டு ஆசையே மாறிடும், சூடா கெட்டியா கிண்ணத்துல ஊத்தி ஸ்பூன் போட்டு சாப்பிடற மாதிரி ஏதாச்சும் வேணும், சூப்பு ஸ்ட்யூ பீன்ஸ் ஓட்ஸ் கஞ்சி இந்த வகையறா. இது எல்லாத்துக்கும் ஒரே மெஷின் போதும்னு சொல்லித்தான் ஸ்லோ குக்கர விக்கறாங்க. வீடியோ பாத்தீங்கன்னா கேக்குல இருந்து பாஸ்தா வரைக்கும் அதுலயே பண்ணிக் காட்டுவாங்க. நான் வச்சிருந்து பாத்த வரைக்கும் இது ஒரு நாலஞ்சு ஐட்டத்த பிரமாதமா பண்ணுது, மீதிய குழைச்சு கொழகொழன்னு ஆக்கிக் குடுக்குது. அந்த நாலஞ்சுக்காக மட்டும் இத வாங்கலாமான்னு கேட்டா, வாங்கலாம், ஆனா எல்லாரும் வாங்க வேண்டிய சாமான் கெடையாது.

என்கிட்ட இருக்கறது 3.5 லிட்டர், ஓவல் ஷேப். உள்ள தூக்கி எடுக்கற மாதிரி கனமான ஸ்டோன்வேர் (பீங்கான் மாதிரி சுட்ட மண்) பாத்திரம், கண்ணாடி மூடி, முன்னாடி ஒரு திருகு, அதுல லோ, ஹை, வார்ம். டைமர் கூட கெடையாது. கம்பெனி பேர் சொல்லல, ஏன்னா டிஸ்ப்ளே பட்டன் எல்லாம் கழட்டிட்டு பாத்தா இந்த ரக குக்கர் பெரும்பாலும் உள்ள ஒரே சமாச்சாரம்தான். வெளிக்கூட்டுக்குள்ள சுத்தி ஒரு ஹீட்டர் பட்டை ஓடுது, அது பாத்திரத்தோட பக்கவாட்ட மெதுவா சூடு பண்ணுது, ஆவி மேல போய் மூடியில பட்டு திரும்பி உள்ளயே சொட்டுது. முடிஞ்சது கதை.

நெறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம், லோவுக்கும் ஹைக்கும் கடைசியில போய் சேர்ற சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டுமே கொதிநிலைக்கு கொஞ்சம் கீழ போய் நிக்கும். ஹைல சீக்கிரம் போய் சேரும், லோல மெதுவா போய் சேரும், அவ்ளோதான் வித்தியாசம். அதனால "லோல வச்சா தனி ருசி"ங்கற பேச்செல்லாம் நான் பெருசா எடுத்துக்கறதில்ல. நமக்கு எப்ப சாப்பாடு வேணுமோ அதுக்கு ஏத்த மாதிரி திருகிக்க வேண்டியதுதான்.

வாங்கினதும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல தண்ணி ஊத்தி மூடி லோல 8 மணி நேரம் விட்டுட்டு, மூடிய திறந்த உடனே தெர்மாமீட்டர் விட்டுப் பாக்கணும். 85ல இருந்து 93 டிகிரி செல்சியஸ்க்குள்ள இருந்தா மெஷின் சரியா இருக்குன்னு அர்த்தம். அதுக்கு கீழ இருந்தா அதுல கறி சமைக்காதீங்க, திருப்பிக் குடுத்துடுங்க. என்னோடது மேல் பக்கம் நிக்குது, அதாவது கொஞ்சம் சூடு ஜாஸ்தி, ரெசிபியில 8 மணி நேரம்னு போட்டிருந்தா எனக்கு ஏழுலயே ஆயிடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதல் மார்க்கு எலும்பு சூப்புக்குத்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. கால், கழுத்து, தொடைச் சந்து, மத்த நேரத்துல யாரும் சீண்டாத துண்டுங்க இருக்கு பாருங்க, அதுல எல்லாம் கொலாஜன்னு சொல்ற கெட்டியான புரதம் ஜாஸ்தி, ஆடு நெறைய அசைக்கற பகுதிங்கறதால. அத டக்குனு வேக வச்சா ரப்பர் மாதிரி கடிக்க வேண்டி வரும். 70 டிகிரிக்கு மேல மணிக்கணக்கா நின்னா அந்த கொலாஜன் கரைஞ்சு ஜெலட்டின் ஆயிடுது, அதுதான் சூப்ப குடிக்கும்போது உதட்டுல லேசா ஒட்டுது பாருங்க, அந்த கெட்டித்தன்மை. நல்லா வந்துச்சா இல்லையான்னு பாக்கணும்னா கொஞ்சம் ஃப்ரிட்ஜுல வச்சுப் பாருங்க, ஜெல்லி மாதிரி தளதளன்னு நிக்கணும், மேல கொழுப்பு தனியா ஒரு தட்டு மாதிரி உறைஞ்சிருக்கும், வேணாங்கறவங்க அத அப்டியே தூக்கிப் போட்டுடலாம். தளபுளன்னு கொதிக்காம இருக்கறதால சூப்பு கலங்காம தெளிவாவும் வருது. ராத்திரி படுக்கப் போகும்போது போட்டு வச்சா விடிகாலைல ரெடி, அந்த வாசனையோட எந்திரிக்கறது தனி சுகம், அதுக்கே பாதி காசு குடுக்கலாம்.

ஆனா அந்த எலும்ப, கறிய அப்டியே பச்சையா கொட்டாதீங்க. இதுதான் இந்த மெஷின் விஷயத்துல எனக்கு இருக்கற பெரிய கருத்து. "எல்லாத்தையும் கொட்டு, மூடு, வேலைக்கு போ"ன்னு சொல்ற வீடியோக்கள நம்பி வாங்கறவங்கதான் ரெண்டே மாசத்துல அத அட்டத்துல தூக்கிப் போடறாங்க. கறி செவந்து ஒரு மணம் வருது இல்ல, அதுக்கு 140 டிகிரி பக்கத்துல சூடு வேணும். இந்த குக்கர் 100ஐயே தொடாது. தண்ணி இருக்கற எடத்துல எதுவும் செவக்காது, அதனால எத்தன மணி நேரம் விட்டாலும் அந்த மணம் வரவே வராது. வாணலியில கொஞ்சம் எண்ணெய் விட்டு கறிய ரெண்டு பக்கமும் நல்லா செவக்க விட்டு, அதே வாணலியில வெங்காயம் பூண்டு வதக்கி, அடியில ஒட்டினத கொஞ்சம் தண்ணி ஊத்தி சுரண்டி அதையும் சேத்து ஊத்துங்க. ஒரு 10 நிமிஷ வேலை. அத பண்ணாத ஸ்ட்யூ ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கும், வெந்திருக்கும், ஆனா ருசின்னு ஒண்ணு இருக்காது. பச்ச வெங்காயம் போட்டா இன்னும் மோசம், 8 மணி நேரம் கழிச்சும் அந்த பச்ச வாடை குழம்பு முழுக்க நிக்கும்.

ஸ்ட்யூல இன்னொரு வேடிக்கை இருக்கு. கறி பூப்போல உதிரும், பக்கத்துலயே உருளைக்கிழங்கும் கேரட்டும் கல்லு மாதிரி கெடக்கும். நம்ம அனுபவத்துல காய் தானே முதல்ல வேகும், இதுல தலைகீழ். காரணம் என்னன்னா காயோட செல்ல ஒட்டிப் பிடிச்சிருக்கற பெக்டின் எளகறதுக்கு 85 டிகிரிக்கு மேல வேணும், இந்த குக்கர் அங்க போய் சேரவே சில மணி நேரம் எடுத்துக்குது. தக்காளி போட்டா இன்னும் லேட்டு, புளிப்பு இருந்தா பெக்டின் எளகாம அடம் பிடிக்கும். அதனால கிழங்கு வகைய சின்னதா நறுக்கி அடியில, ஓரத்த ஒட்டிப் போடுங்க, சூடு அங்கதான் வருது, கறி அதுக்கு மேல. தக்காளிய பாதி நேரம் கழிச்சு சேருங்க. பட்டாணி, கீரை மாதிரி சாஃப்ட்டான ஐட்டம்லாம் கடைசி அரை மணி நேரத்துக்கு முன்னாடி கிட்டயே வரக்கூடாது.

தண்ணி அளவு பத்தியும் சொல்லணும். அடுப்புல வைக்கற ரெசிபிய அப்டியே இதுல போட்டா தண்ணியா வரும், ஏன்னா ஆவி வெளிய போறதே இல்ல, காயும் கறியும் விடற தண்ணி வேற சேந்துக்குது. மூணுல ஒரு பங்கு குறைச்சு ஊத்துங்க. அப்டியும் தண்ணியா இருந்தா கடைசில மூடிய எடுத்துட்டு ஹைல விடலாம்னு சொல்வாங்க, அதுக்கு ரொம்ப நேரம் ஆகும், நான் பேசாம ரெண்டு உருளைக்கிழங்க எடுத்து மசிச்சு திரும்பி கலந்துடுவேன்.

சிக்கன்ல தொடை வாங்குங்க. நெஞ்சுக்கறி இதுக்கு சுத்தமா ஆகாது. அதுல கரையறதுக்கு கொலாஜன் பெருசா கெடையாது, மணிக்கணக்கா வச்சா இருக்கற சாறெல்லாம் வெளிய போய் பஞ்சு மாதிரி நார் நாரா ஆயிடும், குழம்புக்குள்ளயே முங்கி இருந்தாலும் வாயில போட்டா வறண்டு போயிருக்கும். இது எப்டி தண்ணிக்குள்ள இருந்துட்டே வறளும்னு கேக்காதீங்க, அப்டித்தான்.

இப்ப பீன்ஸ், அதாவது ராஜ்மா மாதிரி காஞ்ச பயறு வகை. இந்த மெஷினோட பொறப்பே பீன்ஸுக்காகத்தான். இர்விங் நாக்ஸன்னு ஒரு அமெரிக்க கண்டுபிடிப்பாளர், அவரோட பாட்டி லித்துவேனியாவுல யூதர்களோட ஓய்வு நாளுக்கு முன்னாடி, சூரியன் மறையறதுக்குள்ள சோலண்ட்ங்கற கறி பீன்ஸ் ஸ்ட்யூவ பானையில போட்டு ஊர் பேக்கரியில குடுத்துடுவாங்களாம், அணைஞ்சுட்டு வர்ற அடுப்புச் சூட்டுலயே அது மறுநாள் வரைக்கும் மெதுவா வெந்துட்டு இருக்குமாம். அம்மா சொன்ன இந்தக் கதைய வச்சு அவர் பண்ண குக்கருக்கு 1940ல பேட்டன்ட் கெடைச்சுது, அத நாக்ஸன் பீனரின்னு வித்தார். 1970ல ரைவல்னு ஒரு கம்பெனி அவரோட கம்பெனிய வாங்கி, 1971ல கிராக்-பாட்னு பேர் மாத்தி விட்டதும்தான் அது வீடு வீடா போச்சு. உள் பாத்திரத்த தனியா கழட்டற வசதி 1974லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எப்டி கழுவினாங்கன்னு நெனச்சாலே கை வலிக்குது.

அப்டி பீன்ஸுக்காக பொறந்த மெஷின்ல ஆபத்தான ஐட்டமும் பீன்ஸ்தான், அதுலயும் செவப்பு ராஜ்மா. இத கொஞ்சம் சீரியஸா படிங்க. ராஜ்மாவுல லெக்டின் வகையச் சேந்த ஒரு நச்சு இருக்கு, சரியா வேகாத ராஜ்மா நாலஞ்சு சாப்பிட்டாலே சில மணி நேரத்துல வாந்தி பேதி புடுங்கிடும். நல்லா கொதிச்சா அந்த நச்சு அழிஞ்சிடும். ஆனா ஸ்லோ குக்கர் சூடு அதுக்கு பத்தாது, 80 டிகிரி மாதிரி அரைகுறை சூட்டுல வச்சா வேகவே வைக்காத ராஜ்மாவ விட நச்சு ஜாஸ்தியாகவே வாய்ப்பு இருக்கு. மெதுமெதுன்னு வெந்த மாதிரி தெரியும், ஆனா உள்ள வெஷம் அப்டியே இருக்கும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணியில அடுப்புல தளதளன்னு கொதிக்க விட்டு அப்புறம்தான் குக்கருக்கு மாத்தணும். 10 நிமிஷம் கொதிச்சாலே போதும்னு நெறைய எடத்துல போட்டிருக்கும், அமெரிக்காவோட உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிஷம்னு சொல்லுது, நான் 30தான் வைக்கறேன். டின்ல வர்றது ஏற்கனவே வெந்தது, அதுக்கு இந்த பிரச்சினை இல்ல. குக்கரோட வந்த ரெசிபி புக்குல இத பத்தி ஒரு வரி கூட இல்லங்கறதுதான் எனக்கு கடுப்பு, ஆனா பீன்ஸ் சில்லிங்கற காரமான ஸ்ட்யூ ரெசிபி மட்டும் கலர் போட்டோவோட போட்டிருக்காங்க.

கொதிக்க வச்சு மாத்தின பீன்ஸ் மட்டும் எப்டி இருக்கும்னு கேட்டா, அருமை. ஒவ்வொண்ணும் தோல் கிழியாம முழுசா, உள்ள வெண்ணெய் மாதிரி. பிரஷர் குக்கர்ல இந்த மாதிரி வராது, பாதி உடைஞ்சிடும். தக்காளியோ எலுமிச்சையோ பீன்ஸ் வெந்த அப்புறம்தான், முன்னாடி போட்டா ராத்திரி முழுக்க வச்சாலும் வேகாது.

கஞ்சி பிரியர்களுக்கு, ஓட்ஸ்ல அவல் மாதிரி தட்டையா இருக்கற ரகத்த இதுல போடாதீங்க, அது அடுப்புல 5 நிமிஷத்துல ஆகற விஷயம், இதுல போட்டா போஸ்டர் ஒட்டலாம். நொறுக்கின முழு ஓட்ஸ், ஸ்டீல் கட்னு சொல்ற ரகம், அதுக்குத்தான் இந்த குக்கர். அதையும் நேரா பாத்திரத்துல போட்டா ஓரமெல்லாம் காஞ்சு கருகிப் பிடிச்சுக்கும். ஒரு கண்ணாடி பௌல்ல ஓட்ஸும் தண்ணியும் போட்டு, அத குக்கருக்குள்ள வச்சு சுத்தி பௌலோட பாதி உயரத்துக்கு தண்ணி ஊத்தி லோல விடுங்க, ஓரம் பிடிக்காம க்ரீமா வரும். பால், வெல்லம் எதுவா இருந்தாலும் காலைல சேத்துக்கலாம். பாலு க்ரீம் சமாச்சாரம் பொதுவாவே இதுல நேரம் தாங்காது, திரிஞ்சிடும், சூப்புக்கும் கடைசி 20 நிமிஷத்துலதான் ஊத்தணும்.

ஹாட் சாக்லேட்டுக்கு இத சிபாரிசு பண்றவங்க இருக்காங்க. ரெண்டு பேருக்குன்னா சும்மா சீன் போடறது, அடுப்புல பால காய்ச்சி கலக்கி குடிச்சிட்டு போயிட்டே இருக்கலாம். வீடு நெறைய ஆள் வர்ற அன்னிக்கு மட்டும், அடுப்புல பண்ணி இதுல ஊத்தி வார்ம்ல வச்சா அவங்கவங்களே மொண்டு குடிச்சுக்கலாம், அப்பப்ப ஒரு கிண்டு கிண்டினா ஆடை கட்டாது. பாஸ்தா, வேணாம். அரிசி, வேணவே வேணாம். கேக், அது கேக்கே இல்ல.

ஆப்பிள் மட்டும் எதிர்பாக்காத ஹிட்டு. பெருசு பெருசா நறுக்கி பட்டை ஒரு துண்டு, கொஞ்சம் சர்க்கரை, தண்ணியே ஊத்தாம மூடி லோல 4 மணி நேரம் விட்டா தானே தண்ணி விட்டு பாகு மாதிரி ஆயிடுது. மறுநாள் ஓட்ஸ் மேல போட்டு சாப்பிட அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.

"பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதுக்கு"ன்னு கண்டிப்பா கேப்பீங்க. நியாயமான கேள்வி. பிரஷர் குக்கர் உள்ள 120 டிகிரி வரைக்கும் போகுது, அதனால ஸ்லோ குக்கர் 8 மணி நேரத்துல பண்றத அது முக்கால் மணி நேரத்துல முடிச்சிடும், எலும்பு சூப்பும் நல்லாவே வரும், ராஜ்மா பயமும் இல்ல. வீட்லயே இருக்கறவங்களுக்கு, விசில் எண்ண ஆள் இருக்கற வீட்டுக்கு, ஸ்லோ குக்கர் தேவையே இல்லன்னுதான் சொல்வேன். காலைல கெளம்பி சாயங்காலம் நடுங்கிட்டே வர்ற ஆளுங்களுக்கு, வந்த உடனே கதவத் திறக்கும்போதே சாப்பாடு ரெடியா இருக்கணும்னா இதுக்கு மாத்து கெடையாது. எல்லாம் பண்ற மல்டி குக்கர்ல ஸ்லோ மோடு இருக்கும், அத நம்பி இத வேணாம்னு முடிவு பண்ணாதீங்க, அதுல சூடு அடியில இருந்து மட்டும் வருது, மேல இருக்கறது லேட்டா வேகும், அடி பிடிக்கும்.

கரண்ட்டு பயம் வேணாம். என்னோடது 200 வாட். 8 மணி நேரம் நிக்காம ஓடினாலும் 1.6 யூனிட்டுதான், ஒரு ஓவன ஒரு மணி நேரம் போட்டாலே அதுக்கு மேல போயிடலாம்.

பாதுகாப்பு சமாச்சாரம் ரெண்டு மூணு இருக்கு. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கட்டிக் கறிய அப்டியே போடக்கூடாது, முழுசா இளகினதும்தான் போடணும், இல்லன்னா 5ல இருந்து 60 டிகிரிக்குள்ள ரொம்ப நேரம் நிக்கும், கிருமிக்கு கொண்டாட்டம் அந்த எடத்துலதான். மிச்சத்த இதுலயே சூடு பண்றதும் அதே காரணத்துக்காக வேணாம், அடுப்புல கொதிக்க வச்சு வேணா இதுக்கு மாத்தி வார்ம்ல வைக்கலாம். வார்ம்ங்கறது சமைச்சத சூடா வைக்க, சமைக்க இல்ல. நீங்க வெளிய இருந்தப்ப கரண்ட்டு போயி வந்திருக்கு, எவ்ளோ நேரம் போச்சுன்னு தெரியல, அப்டின்னா வெந்த மாதிரி தெரிஞ்சாலும் கொட்டிடுங்க. மனசு வராதுதான், கொட்டிடுங்க.

மூடியத் திறந்து திறந்து பாக்கறவங்க வீட்ல இருந்தா ஒரு வார்த்தை சொல்லி வைங்க, ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் போற சூடு திரும்பி வர்றதுக்கு 20, 30 நிமிஷம் ஆகும். கண்ணாடி மூடி வச்சிருக்கறதே வெளிய இருந்து பாக்கத்தான்.

எவ்ளோ நல்லா பண்ணாலும் 8 மணி நேரம் வெந்த எதுவும் நாக்குல கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும், மேல இருக்கற வாசனையெல்லாம் அமுங்கிப் போயிருக்கும். இறக்கும்போது எலுமிச்சை ரெண்டு சொட்டு, புதுசா இடிச்ச மிளகு, பச்ச தழை ஏதாச்சும் நறுக்கிப் போட்டா எந்திரிச்சு உக்காரும். இத எந்த ரெசிபி புக்கும் அழுத்திச் சொல்றதில்ல.

என் மெஷின்ல குறைன்னா, டைமர் இல்லாதது பெரிய குறை. 8 மணி நேரத்துல ஆகவேண்டியது நான் வர லேட்டானா பத்து ஆயிடுது, கறி கூழாயிடும். தானா வார்முக்கு மாறற மாடல் கெடைச்சா கண்ண மூடிட்டு அத வாங்குங்க, அந்த ஒரு வசதிக்கு மட்டும் கூடக் குடுக்கலாம், புளூடூத் ஆப் எல்லாம் வேணாம். வெளிக்கூடு நல்லாவே சுடும், குழந்தைங்க இருக்கற வீட்ல உள்ள தள்ளி வைக்கணும். வயர் ரொம்ப குட்டை, தட்டி இழுத்துடக்கூடாதுன்னு வேணும்னே அப்டி குடுக்கறாங்க, அதனால பிளக்குக்கு பக்கத்துல எடம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

சைஸ்ல பேராசை வேணாம். பாத்திரம் பாதிக்கு மேல, மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் நெறஞ்சிருந்தாத்தான் ஒழுங்கா வேகும், ரெண்டு பேர் இருக்கற வீட்ல 6 லிட்டர் வாங்கிட்டு அடியில கொஞ்சமா போட்டா ஓரம் தீஞ்சு போகும். மூணு நாலு பேருக்கு 3.5 தாராளம். கழுவறப்ப சூடா இருக்கற பாத்திரத்துல பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க, ஸ்டோன்வேர் படார்னு விரிசல் விட்டுடும், ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்து நேரா சூட்டுல வைக்கறதும் அதே கதிதான். வாங்கறதுக்கு முன்னாடி அந்த உள் பாத்திரமும் மூடியும் தனியா கெடைக்குமான்னு கடையில கேட்டு வச்சுக்கோங்க, ஹீட்டர் போகறதுக்கு முன்னாடி கை தவறி இது ரெண்டுல ஒண்ணு ஒடையத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.